12 பேர், 14 நாள்: ஆப் வெளியிடும் முன் வரும் டெஸ்டிங் விதி

ஆப் தயார். பட்டன் எல்லாம் வேலை செய்கிறது, ஐகானும் வரைந்தாயிற்று. பிளே கன்சோலில் (கூகுள் பிளேயில் ஆப் போடுவதற்கான டெவலப்பர் தளம்) கணக்குத் திறந்து, ஃபைலை ஏற்றி, வெளியிடலாம் என்று புரொடக்‌ஷன் பக்கத்துக்குப் போனால் அது மட்டும் பூட்டிக் கிடக்கிறது. காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: முதலில் குளோஸ்டு டெஸ்ட் (குறித்த சிலர் மட்டும் செய்யும் சோதனை) நடத்துங்கள், குறைந்தது 12 டெஸ்டர்கள், தொடர்ந்து 14 நாள். முதல் ஆப்பைப் போட வருகிற பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே இந்த இடத்தில்தான் தெரியவருகிறது. அடுத்த வாரம் வெளியிடுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருப்பார்கள்.

இந்த விதி என்ன கேட்கிறது, எதைக் கணக்கில் எடுக்கிறது, எங்கே ஆள் சறுக்குவார் என்பதைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் கூகுள் பிளேயைப் பற்றித்தான். ஆப்பிளின் வழி வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாருக்கு இந்த விதி

எல்லாருக்கும் இல்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்குகளுக்கு மட்டும். அதற்கு முன்பே கணக்கு வைத்திருந்தவர்களையும், நிறுவனத்தின் பேரில் கணக்கு வைத்திருப்பவர்களையும் இது கட்டாது. தொடக்கத்தில் 20 டெஸ்டர்கள் கேட்டார்கள். தனியாக உட்கார்ந்து ஆப் செய்கிறவர் 20 பேருக்கு எங்கே போவார் என்று புலம்பல் எழுந்தது. 2024 டிசம்பரில் எண்ணிக்கையை 12 ஆகக் குறைத்தார்கள். பழைய வீடியோக்களிலும் பதிவுகளிலும் இன்னும் 20 என்றே இருக்கும்; பயந்துவிட வேண்டாம்.

அப்படியானால் நிறுவனக் கணக்காகவே திறந்துவிடலாமே என்று தோன்றும். உண்மையில் பதிவு செய்த நிறுவனம் இருந்தால் தாராளமாகத் திறக்கலாம். அதற்கு டன்ஸ் எண் என்ற வணிக அடையாள எண்ணும் நிறுவன ஆவணங்களும் வேண்டும். டெஸ்டிங்கிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த வழியில் போவது, இரண்டு வார வேலையைத் தவிர்க்க இரண்டு மாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது மாதிரி.

நாலு டிராக்

பிளே கன்சோலில் ஓர் ஆப்பை நாலு நிலைகளில் வைக்கலாம். அவற்றை டிராக் என்கிறார்கள். பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

முதலாவது இன்டர்னல் டெஸ்டிங். 100 பேர் வரை சேர்க்கலாம். ஏற்றிய சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போய்விடும். நீங்களும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும் அவசரமாகப் பார்த்துக்கொள்ள இது சரியான இடம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இங்கே எத்தனை பேர் எத்தனை நாள் சோதித்தாலும் அந்த 12 பேர், 14 நாள் கணக்கில் ஒரு நாள்கூட ஏறாது.

இரண்டாவதான குளோஸ்டு டெஸ்டிங்தான் நமக்கு வேண்டியது. நீங்கள் குறித்துக் கொடுக்கும் ஆட்கள் மட்டும் இறக்கிக்கொள்ள முடியும். மின்னஞ்சல் பட்டியலாகவும் கொடுக்கலாம், ஒரு கூகுள் குரூப்பாகவும் கொடுக்கலாம். மூன்றாவது ஓப்பன் டெஸ்டிங். யார் வேண்டுமானாலும் சேரலாம். புதுத் தனிநபர் கணக்குகளுக்கு, புரொடக்‌ஷன் அனுமதி கிடைத்த பிறகுதான் அது திறக்கும். நாலாவது புரொடக்‌ஷன், அதாவது ஊர் உலகமே தேடிப் பார்த்து இறக்குகிற இடம்.

இன்டர்னல் டெஸ்டிங்கைத் தாண்டி குளோஸ்டுக்கு வந்தாலே ஆப்பின் அடிப்படைத் தகவல்கள் எல்லாம் பூர்த்தியாகியிருக்க வேண்டும். தனியுரிமைக் கொள்கைக்கான லிங்க், வயது மதிப்பீட்டுக் கேள்வித்தாள், என்னென்ன தகவல் திரட்டுகிறீர்கள் என்று சொல்லும் டேட்டா சேஃப்டி படிவம், விளம்பரம் இருக்கிறதா இல்லையா, எந்த வயதினருக்கான ஆப் என்று வரிசையாகக் கேட்கும். அதற்கப்புறம் கூகுளின் ரிவ்யூவும், அதாவது பரிசீலனையும், உண்டு. டெஸ்டுக்குப் போகிற ஆப்தானே என்று படிவங்களை அரைகுறையாக நிரப்பினால் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள். ஆப்புக்குள் லாகின் இருந்தால் ரிவ்யூ செய்பவர் உள்ளே போய்ப் பார்க்க ஒரு சோதனைக் கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். ஓடிபி வந்தால்தான் திறக்கும் என்றால், அந்த ஓடிபி ரிவ்யூ செய்பவருக்கு எப்படிப் போகும் என்று யோசித்தீர்களா?

ஆப்ட்-இன் என்ற சின்னச் சொல்

விதியின் உயிர் இந்தச் சொல்லில் இருக்கிறது. "12 டெஸ்டர்கள்" என்றால் பட்டியலில் 12 மின்னஞ்சல் போட்டாயிற்று என்று அர்த்தமில்லை. அந்த 12 பேரும் டெஸ்ட் லிங்க்கைத் திறந்து, "டெஸ்டராகச் சேர்கிறேன்" என்ற பட்டனைத் தாங்களே அழுத்தியிருக்க வேண்டும். அந்த அழுத்தலுக்குப் பெயர்தான் ஆப்ட்-இன். அந்த நொடியிலிருந்துதான் அவருடைய நாள் ஓட ஆரம்பிக்கிறது.

நான் முதல்முறை செய்தபோது சரியாக 12 மின்னஞ்சல் வாங்கி, பட்டியலில் போட்டு, லிங்க்கையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐந்து நாள் கழித்து கன்சோலின் முகப்பான டாஷ்போர்டைப் பார்த்தால் எண்ணிக்கை 6 என்று நிற்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. இரண்டு பேர் லிங்க்கைத் திறக்கவே இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் எனக்குக் கொடுத்தது அலுவலக மின்னஞ்சல். போனின் பிளே ஸ்டோரில் இருப்பதோ சொந்த மின்னஞ்சல். இவர்களுக்கு இந்த ஆப் கிடைக்காது என்றே திரை சொல்லியிருக்கிறது. ஒருவர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தாமல் மூடியிருக்கிறார். கடைசி ஆள் வைத்திருந்ததோ ஐபோன். தப்பு யார் மேலும் இல்லை, நான்தான் கேட்கவில்லை.

அதனால் மின்னஞ்சல் கேட்கும்போதே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "உங்கள் மின்னஞ்சல் என்ன?" என்று கேட்டால் ஏதோ ஒன்று வரும். "உங்கள் ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் ஒரு மின்னஞ்சல் தெரியும், அதை அப்படியே அனுப்புங்கள்" என்று கேட்டால் சரியானது வரும். லிங்க்கையும் அதே கணக்கில் திறக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிரவுசரில் வேறு கணக்கு திறந்திருந்தால் அங்கேயும் இதே தகராறு.

இன்னொரு ஓட்டை, நாடு. குளோஸ்டு டிராக்கில் எந்தெந்த நாடுகளில் ஆப் கிடைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நண்பரைச் சேர்த்துவிட்டு அவர் இருக்கும் நாட்டைச் சேர்க்க மறந்தால், அவர் என்ன அழுத்தினாலும் ஆப் இறங்காது. அதேபோல, காசு கொடுத்து வாங்கும் ஆப் என்று வைத்திருந்தால் குளோஸ்டு டெஸ்டிங்கில் டெஸ்டர்களும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இன்டர்னல் டெஸ்டிங்கில் மட்டும்தான் அது இலவசம். சரி, இப்போதைக்கு இலவசம் என்று போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை இலவசமாக வழங்கிய ஆப்பை, பிறகு விலை வைத்து விற்கும் ஆப்பாக மாற்ற முடியாது.

நாளை எப்படி எண்ணுகிறார்கள்

விண்ணப்பிக்கும் நாளில், கடந்த 14 நாளும் விடாமல் டெஸ்டராக இருந்தவர்கள் குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும். இதுதான் கணக்கு. அதாவது டெஸ்ட் தொடங்கி 14 நாள் ஆனால் போதாது. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக 14 நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 1-ஆம் தேதி டெஸ்ட் திறக்கிறீர்கள். 3-ஆம் தேதி 9 பேர் சேர்கிறார்கள். மீதி 3 பேர் இழுத்தடித்து 8-ஆம் தேதிதான் சேர்கிறார்கள். உங்கள் கடிகாரம் 8-இலிருந்துதான் ஓடும். 22-ஆம் தேதி வாக்கில் விண்ணப்பிக்கலாம். நடுவில் 15-ஆம் தேதி ஒருவர், போதும் இந்த ஆப் என்று டெஸ்டிலிருந்து விலகிவிட்டார் என்று வையுங்கள். 16-ஆம் தேதி புது ஆளைப் பிடித்துச் சேர்த்தாலும் அவருக்கு முதல் நாள் அன்றுதான். விண்ணப்பம் 30-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். விலகிய ஆள் மனம் மாறித் திரும்ப வந்தாலும் பழைய நாட்கள் சேராது, கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

சரியாக 12 பேரை வைத்துக்கொண்டு டெஸ்ட் நடத்துவது கத்திமேல் நடக்கிற வேலை. 16, 18 பேரைச் சேர்த்து வைத்தால் ஒருவர் போனைத் தொலைத்தாலும், ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் கவலையில்லை. புது வெர்ஷன் ஏற்றினால் நாள் கணக்கு அழிந்துவிடுமோ என்று பலர் பயந்து, தெரிந்த பிழையைக்கூடத் திருத்தாமல் 14 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அழியாது. டெஸ்டர்கள் விலகாமல் இருக்கும்வரை எத்தனை அப்டேட் வேண்டுமானாலும் போடலாம். போடத்தான் வேண்டும், ஏனென்று கீழே பார்ப்போம். ஒவ்வொரு முறையும் வெர்ஷன் கோடு என்ற எண்ணை முந்தையதைவிடக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆளை எங்கே தேடுவது

12 பேர் கிடைக்காதவர்களுக்கென்றே ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. காசு கொடுத்தால் டெஸ்டர்களைத் தருகிறோம் என்கிறார்கள். நீ என் ஆப்பை இறக்கு, நான் உன் ஆப்பை இறக்குகிறேன் என்று பண்டமாற்று செய்யும் குழுக்களும் இருக்கின்றன. எண்ணிக்கை இப்படி நிரம்பிவிடலாம். ஆனால் கூகுள் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. டெஸ்டர்கள் ஆப்பை உண்மையில் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தாலோ, கருத்துக் கேட்டுத் திருத்தங்கள் செய்ததற்கான அடையாளம் இல்லாவிட்டாலோ, இன்னும் சோதியுங்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். முகம் தெரியாத ஆள் இறக்கி வைத்துவிட்டுத் திறக்காமலே விட்ட ஆப், அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். நீங்களே 12 ஜிமெயில் கணக்கு உருவாக்கி ஒரே போனில் போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தெரிந்தவர்கள்தான் நல்லது, அதிலும் ஆப்பின் வேலை யாருக்குத் தேவையோ அவர்கள். வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் ஓர் ஆப் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செடியே வளர்க்காத ஐந்து புரோகிராமர் நண்பர்களைவிட, மாடியில் தொட்டி வைத்திருக்கும் இரண்டு உறவினர்கள் மேல். நண்பர்கள் பட்டனின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்த இரண்டு பேர்தான், "மழைக்காலத்தில் இந்த நினைவூட்டலை மொத்தமாக நிறுத்தி வைக்க முடியாதா?" என்று கேட்பார்கள்.

அந்த 14 நாளில் என்ன தெரியும்

டெவலப்பரின் போனில் ஓர் ஆப் எப்போதும் ஒழுங்காகத்தான் ஓடும். ஆப் கேட்ட அனுமதியை அவரே கொடுத்திருப்பார், பேட்டரி முழுதாக இருக்கும், எழுத்தளவு சாதாரண அளவில் இருக்கும். அந்தச் செடி ஆப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில், வேறு பன்னிரண்டு போன்களில் அதற்கு என்னென்ன நேரும்?

முதல் நாளே ஒருவர், "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்ற கேள்விக்கு வேண்டாம் என்று அழுத்துவார். ஆண்ட்ராய்டு 13 வந்ததிலிருந்து ஆப் அந்த அனுமதியைப் பயனரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நினைவூட்டுவதுதான் ஆப்பின் ஒரே வேலை. அனுமதி இல்லையென்றால் அது ஊமை. ஆப்போ எதுவும் நடக்காததுபோல, "நினைவூட்டல் சேமிக்கப்பட்டது" என்று காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, மணி தவறாமல் ஒலிக்க வேண்டிய அலாரம். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக இறக்கும் பெரும்பாலான ஆப்களுக்குத் துல்லிய நேர அலாரத்துக்கான அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. காலை 7 மணிக்கு வர வேண்டியது 7.20-க்கு வரும்.

நாலாவது நாளோ ஆறாவது நாளோ, ஒருவர் போனை அணைத்து மறுபடி போடுவார். அங்கே ஒரு வேடிக்கை. போன் அணைந்தால், ஆப் வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் ஆண்ட்ராய்டில் அழிந்துபோகும். போன் திரும்ப எழுந்ததும் ஆப்தான் அவற்றை மீண்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான சில வரி புரோகிராமை எழுத மறந்திருந்தால், அந்த ஆளின் போனில் அன்றிலிருந்து ஒரு நினைவூட்டலும் வராது. கிராஷ் (ஆப் திடீரென மூடிக்கொள்வது) இல்லை, பிழைச் செய்தி இல்லை, எந்த அறிக்கையிலும் பதிவாகாது. "முதல் நாலு நாள் நன்றாக வந்தது, அப்புறம் வரவேயில்லை" என்று ஓர் ஆள் சொன்னால்தான் உண்டு. ஒரு மணி நேரச் சோதனையில் இது தெரிய வழியே இல்லை. 14 நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் பிழைதான்.

இவை போக, சில போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, கொஞ்ச நாள் திறக்காத ஆப்பைப் பின்னணியில் முடக்கிப் போட்டுவிடும். கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். "சேமி" என்ற பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்திருக்கும். போனைப் பக்கவாட்டில் திருப்பியதும் பாதி நிரப்பிய படிவம் காலியாகிவிடும். டார்க் மோடில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து.

இதையெல்லாம் டெஸ்டர் வாயிலிருந்து வரவழைப்பது ஒரு கலை. "ஆப் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனம் கோணக் கூடாது என்ற நல்லெண்ணம். கருத்துக் கேட்பதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது பயன் தரும். நான் அனுப்புகிற செய்தி இந்த மாதிரி இருக்கும்:

"அக்கா, ஒரு சின்ன உதவி. ஆப்பைத் திறந்து உங்க ரோஜாச் செடியைச் சேர்த்து, நாளைக்குக் காலை 7 மணிக்கு ஞாபகப்படுத்தச் சொல்லுங்க. நாளைக்கு மணி அடிச்சுதா, இல்லையா, எத்தனை மணிக்கு அடிச்சுதுன்னு மட்டும் சொன்னா போதும். எங்கேயாவது என்ன செய்றதுன்னு தெரியாம நின்னீங்கன்னா அந்த ஸ்கிரீனை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க."

மூன்று நாளைக்கு ஒருமுறை இப்படி ஒரு சின்ன வேலை. வருகிற பதிலைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யார் சொன்னது, என்ன சொன்னார், எந்த வெர்ஷனில் திருத்தினேன். பிளே ஸ்டோர் வழியாகவும் டெஸ்டர்கள் கருத்து எழுதலாம். அது உங்களுக்கு மட்டும் தெரியும், பொதுவில் காட்டும் நட்சத்திர மதிப்பில் சேராது. ஆனால் அனுபவத்தில், மனிதர்கள் அங்கே போய் எழுதுவதைவிட உங்களுக்கு நேரடியாக ஒரு குரல் பதிவு அனுப்புவதைத்தான் சுலபமாக நினைக்கிறார்கள்.

கன்சோலும் தன் பங்குக்கு உதவும். டெஸ்ட் டிராக்கில் ஏற்றிய ஆப்பைக் கூகுளின் கருவிகள் சில போன்களில் தாமாகவே ஓட்டி, கிராஷ் ஆகிறதா, மெதுவாக இருக்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்து பிரீ-லாஞ்ச் ரிப்போர்ட் என்ற அறிக்கை தரும். காசு இல்லை, படிக்காமல் விடுவது உங்கள் நஷ்டம். வெளியிட்ட பிறகு கூகுள் இரண்டு அளவைத் தொடர்ந்து பார்க்கிறது. ஒரு நாளில் ஆப்பைப் பயன்படுத்துபவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற கிராஷ் நேர்ந்தாலோ, 0.47 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆப் பதில் சொல்லாமல் உறைந்து நின்றாலோ, பிளே ஸ்டோரில் அந்த ஆப்பைக் காட்டுவதே குறையலாம். டெஸ்டிங்கில் பிடித்த ஒவ்வொரு கிராஷும் இந்தக் கணக்கிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது.

ஃபைல் விஷயமும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களை ஆப் பண்டில் என்ற வடிவில்தான் ஏற்ற வேண்டும், பழைய ஏபிகே வடிவம் செல்லாது. ஆப் எந்த ஆண்ட்ராய்டை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது என்பதற்கும் வரம்பு உண்டு. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்கள் ஆண்ட்ராய்டு 15-ஐ (டெவலப்பர்களின் எண்ணில் ஏபிஐ 35) குறிவைத்திருக்க வேண்டும் என்று வந்தது. இந்த எண் ஆண்டுக்காண்டு ஏறுவது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முந்தைய பாடத்தைப் பார்த்து ஆப் கட்டியவர்கள் இதைச் சரிபார்த்துவிட்டு டெஸ்டைத் தொடங்குவது நல்லது.

விண்ணப்பப் படிவம்

12 பேரும் 14 நாளும் நிறைந்ததும் டாஷ்போர்டில் புரொடக்‌ஷனுக்கு விண்ணப்பிக்கும் பட்டன் திறக்கும். அழுத்தினால் கேள்விகள் வரும். டெஸ்டர்களைப் பிடிப்பது எளிதாக இருந்ததா, அவர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன கருத்துச் சொன்னார்கள், அதை எப்படித் திரட்டினீர்கள் என்பது ஒரு பகுதி. ஆப் யாருக்காக, அவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பது இன்னொன்று. டெஸ்டில் தெரிந்துகொண்டதை வைத்து என்ன மாற்றினீர்கள், வெளியிடத் தயார் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்பது மூன்றாவது.

இதை ஒரு சடங்காக நினைத்து, "டெஸ்டர்கள் ஆப்பை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுதுபவர்கள் நிறைய. எந்த ஆப்புக்கும் ஒட்டுகிற இந்த வரி, எதையும் சொல்வதில்லை. அந்த நோட்டு இப்போது கைகொடுக்கும். அதைப் பார்த்து எழுதினால் இப்படி வரும்: "17 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் வீட்டில் செடி வளர்ப்பவர்கள். மூன்று பேருக்குப் போனை அணைத்துப் போட்டபின் நினைவூட்டல் நின்றுவிட்டது. இரண்டாவது வெர்ஷனில் சரிசெய்தோம், அதே மூவரும் மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். மழைக்காலத்தில் நினைவூட்டலை நிறுத்தும் வசதி கேட்டார்கள். மூன்றாவது வெர்ஷனில் சேர்த்தோம். எழுத்தைப் பெரிதாக்கினால் சேமிக்கும் பட்டன் மறைந்தது, அதையும் மாற்றினோம்." உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். நடக்காததை அலங்காரமாக எழுதினால், ஒரே ஒரு வெர்ஷன் மட்டும் ஏற்றியிருக்கும் உங்கள் டிராக்கே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பதில் வர வழக்கமாக ஒரு வாரம் அல்லது அதற்குள் ஆகும். சில சமயம் கூடவும் ஆகலாம். இன்னும் சோதியுங்கள் என்று வந்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் டெஸ்டைத் தொடர்ந்து நடத்திவிட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான். டெஸ்டர்களை அதற்குள் கலைத்து அனுப்பிவிடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பித்தாயிற்று, இனி யாரும் தேவையில்லை என்று பட்டியலை அழித்துவிட்டு, திருப்பி அனுப்பப்பட்டதும் மீண்டும் 12 பேரைத் தேடி அலைவது கொடுமை. வெளியீட்டுத் தேதியை யாருக்கும் சொல்லும் முன் ஆளைச் சேர்க்க ஒரு வாரம், டெஸ்டுக்கு இரண்டு வாரம், பதிலுக்கு ஒரு வாரம், ஒருவேளை திரும்பி வந்தால் அதற்கும் கொஞ்சம் என்று கூட்டிப் பாருங்கள். ஆப் முழுதாக முடியும்வரை காத்திருக்காமல், முக்கியமான வேலை ஓடத் தொடங்கியதுமே குளோஸ்டு டெஸ்டைத் திறந்துவிடுவது என் வழக்கம். மீதியைக் கட்டும்போதே நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆப்பிளின் வழி

ஆப்பிளில் 12 பேர், 14 நாள் மாதிரி கட்டாயக் கணக்கு எதுவும் இல்லை. யாரும் டெஸ்ட் செய்யாமலேகூட ஆப் ஸ்டோருக்கு அனுப்பலாம். சோதனைக்கு டெஸ்ட்ஃபிளைட் என்ற ஆப்பிளின் கருவி இருக்கிறது. உங்கள் ஆப் ஸ்டோர் கனெக்ட் (ஆப்பிளின் டெவலப்பர் தளம்) கணக்கில் இருக்கும் குழுவினரில் 100 பேர் வரை உள் டெஸ்டர்கள், வெளியாட்கள் 10,000 பேர் வரை. வெளியாட்களுக்குத் தருவதாக இருந்தால், ஒவ்வொரு வெர்ஷனின் முதல் பில்டையும் (ஏற்றும் ஒவ்வொரு ஃபைலும் ஒரு பில்ட்) ஆப்பிள் பார்த்து அனுமதிக்கும். ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதியாகிவிடும்.

வாசலில் கெடுபிடி இல்லாததால் உள்ளே கெடுபிடி. அனுப்பிய ஆப்பை ரிவ்யூ செய்பவர் திறந்து பார்ப்பார். முதல் ஆப் போடுபவர்கள் அங்கே அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்வது, ஆப் முழுமையாக இருக்க வேண்டும் என்ற 2.1 எண் விதியில். கிராஷ் ஆகக் கூடாது, "விரைவில் வரும்" என்று காலிப் பக்கம் இருக்கக் கூடாது, லாகின் இருந்தால் சோதனைக் கணக்கு தர வேண்டும், பின்னால் இருக்கும் சர்வர் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, என்று பெயர் போட்டு அனுப்பினால், அதற்கு இடம் டெஸ்ட்ஃபிளைட் என்று திருப்பிவிடுவார்கள். ஆப்புக்குள் கணக்குத் திறக்க முடியும் என்றால், அதை அழிக்கும் வழியும் ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். 2022 ஜூன் 30 முதல் இது கட்டாயம். இரண்டு கடைகளிலும் போடப் போகிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு டெஸ்டர்களிடம் படித்த பாடத்தை ஐபோன் பதிப்பிலும் ஏற்றிவிட்டு அனுப்புங்கள். அங்கே உங்களுக்காக யாரும் 14 நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

அனுமதி கிடைத்த பிறகு

புரொடக்‌ஷன் திறந்ததும் ஆப் தானாக வெளியாகிவிடாது. நீங்கள் அங்கே ஒரு ரிலீஸ் உருவாக்கி அனுப்ப வேண்டும், அதற்கும் ரிவ்யூ உண்டு. முதல் ரிலீஸ் தேர்ந்தெடுத்த நாடுகளில் எல்லாருக்கும் ஒரேயடியாகப் போகும். அடுத்து வரும் அப்டேட்களைத்தான் முதலில் 5 சதவீதம் பேருக்கு, பிறகு 20, பிறகு எல்லாருக்கும் என்று படிப்படியாக விடலாம்.

குளோஸ்டு டிராக்கை மூடிவிடாதீர்கள். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிய அக்காவும் அவரைப் போன்றவர்களும் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். அடுத்த வெர்ஷனை அங்கே இரண்டு நாள் முன்னதாகப் போட்டுப் பார்க்கலாம். அவர்களிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள்: இனி இருப்பதும் விலகுவதும் அவர்கள் இஷ்டம், சேர்ந்த அதே லிங்க்கில் விலகும் பட்டனும் இருக்கிறது, இருந்தால் புது வெர்ஷன் மற்றவர்களுக்கு முன்பே அவர்கள் போனுக்கு வரும், அதில் சில சமயம் புதுப் பிழையும் சேர்ந்தே வரும்.